பூதப் பிறவிக்கு மந்திரம் வராது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். பள்ளிக்கூடத்திலும் அதையேதான் சொல்கிறார்கள், கொஞ்சம் மரியாதையாக. விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய் திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். வழிமுறை எதையும் எழுதாமல் விடையை மட்டும் கொண்டுவந்து நீட்டுகிற பிள்ளைகளைக் கண்டால் எனக்கு ஆகாது. விடை சரியாக இருந்துவிட்டால் இன்னும் எரிச்சல் வரும். இப்படிப்பட்டவள் கையில் ஒரு விளையாட்டின் விதிப் புத்தகத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த விளையாட்டு சென்னையில் வேலை பார்த்தபோது எனக்குத் தொற்றிக்கொண்டது. ஒரு மேசை, சில காகிதங்கள், இருபது முகம் வைத்த பகடை, இவ்வளவுதான் வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் இருப்பார்கள். இருட்டுக் காடு, எதிரே பாலம், பாலத்தின் மேல் ஒருவன் வாளோடு நிற்கிறான் என்று நான் சொன்னால், என்ன செய்கிறோம் என்பதை அவர்கள் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். குறுக்கே வருகிற ஆயிரம் சந்தேகத்துக்கும் விதிப் புத்தகம் இருக்கிறது. கதையை நடத்துகிறவள் நான் என்பதால் என்னைக் கண்டக்டர் என்று கூப்பிடுவார்கள். கழுதை வயசு ஆகிறது, கல்யாணத்துக்கு வழியைக் காணோம், இதில் பூதம் பிசாசு விளையாட்டு வேறு என்று அம்மா ஞாயிறுதோறும் ஒரு பாட்டம் பாடுவாள்.

என் மேசையில் மூன்று பேர். முதல் ஆள் என் அண்ணன். கெடாரில் இருக்கிற எங்கள் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறான், அவனுக்கும் கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருக்கிறான். அடுத்தவர் திண்டிவனத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்துவிடுவார். மூன்றாவது ஆள் அவள். என் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறாள். ஸ்டாஃப் ரூமில் எனக்குப் பக்கத்து நாற்காலி. என் டப்பாவில் அவளும் அவள் டப்பாவில் நானும் கை விட்டுச் சாப்பிடுவோம். கிறிஸ்துமஸ் தவறாமல் அவள் வீட்டுக்குப் போய்ப் பிரியாணி தின்றுவிட்டு வருகிறவள் நான்.

எங்கள் வீட்டுக்கு அவள் வந்ததில்லை. நான் அழைத்ததில்லை என்று சொல்வதுதான் சரி. அவளோடு பழக ஆரம்பித்த புதிதில், அவளுக்கு எந்த ஊர் என்று அம்மா கேட்டாள். கிளியனூர் பக்கம் என்றேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, ஊரிலா காலனியிலா என்றாள். எனக்கு வந்ததே ஒரு கோபம். எந்தக் காலத்தில் இருக்கிறாய், படித்த பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது என்று வீடே அதிரக் கத்தினேன். அம்மா வாயை மூடிக்கொண்டாள். நானும் கத்தியதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அவளை வா என்று கூப்பிட மட்டும் வாய் வரவில்லை.

விளையாட்டில் சேர்ந்தபோது அவள் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, பூதப் பிறவி படத்தில் விரலை வைத்தாள். கோரைப் பல்லும் அகன்ற தோளுமாக ஒரு பெண். இதுதான் நான், இவள் மந்திரம் படித்தவள் என்றாள். நான் சிரித்தேன். அந்தப் பழைய புத்தகத்தில், எந்தப் பிறப்பில் பிறக்கிறோமோ அதை வைத்துத்தான் திறமைக்குக் கூடுதல் மதிப்பெண். பூதமாய்ப் பிறந்தால் வலிமையில் கூடும். அறிவில் கூட வேண்டுமானால் வேறு பிறப்பில் பிறந்திருக்க வேண்டும். பூதப் பிறவி மந்திரம் கற்கக் கூடாது என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. மற்றவர்களைவிடக் கொஞ்சம் பின்தங்கித் தொடங்குவாள், அவ்வளவுதான். ஆனால் நான் சொன்னது வேறு. "பூதப் பிறவிக்கு மந்திரம்லாம் வராதுடி. நீ பேசாம கோடாலிய எடு."

சரி கண்டக்டர் என்று அவள் கோடாலியை எடுத்துக்கொண்டாள். வருஷக்கணக்காக அதையே சுழற்றினாள். கதவை உடைக்க, மரத்தை நகர்த்த, முன்னால் நின்று அடி வாங்க என்றால் அவள்தான். யோசிக்கிற வேலை வந்தால் நாங்கள் அண்ணனுடைய பாத்திரத்தைத் திரும்பிப் பார்ப்போம். என் அண்ணன் அறிவாளியாக நடித்தது அந்த மேசையில் மட்டும்தான்.

பிறகு புதிய பதிப்பு வந்தது. பார்சல் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட, மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் பிரித்தோம். நிறைய மாற்றியிருந்தார்கள். முன்பெல்லாம் சண்டைக்கு நடுவில் காயத்துக்கு மருந்து குடித்தால் அந்த முறையே வீணாகிவிடும். இனிமேல் ஒரு கையால் மருந்தை வாயில் ஊற்றிக்கொண்டே இன்னொரு கையால் வெட்டலாம். இதைக் கேள்விப்பட்ட மெடிக்கல் ஷாப்காரர், கடைசியில் மருந்துக்கு ஒரு மரியாதை வந்தது என்று போனிலேயே சந்தோஷப்பட்டார். அவள் ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறப்புக்கு மதிப்பெண் என்பதையே எடுத்துவிட்டிருந்தார்கள். இனி, பயணம் கிளம்புவதற்கு முன் ஒருவர் என்ன செய்து பிழைத்தார், எங்கே வளர்ந்தார், எதைக் கற்றார் என்பதற்குத்தான் மதிப்பெண். உழவராக இருந்தவருக்கு ஒரு வகை, காவல் காத்தவருக்கு ஒரு வகை, ஏடு படியெடுத்தவருக்கு ஒரு வகை. டப்பாவில் இருந்த தக்காளிச் சோறு அப்படியே இருந்தது. இனி நான் மந்திரவாதி ஆகலாமா என்று கேட்டாள்.

பார்க்கலாம் என்றேன். எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு, திண்டிவனத்தில் நாங்கள் விளையாடும் ட்யூஷன் சென்டர் மாடியில் தீர்ப்புச் சொன்னேன். மருந்து விதியை எடுத்துக்கொள்ளலாம், பிறப்பு விதி பழையபடியே இருக்கும், இது நம் மேசையின் ஹவுஸ் ரூல் என்றேன். காரணமும் அடுக்கினேன். பிறப்பினால் எதுவுமே இல்லை என்றால் பூதம் எதற்கு, குள்ளர் எதற்கு, எல்லாரும் ஒன்று என்று ஆக்கிவிட்டால் கதையில் உப்பேது, காரமேது என்று கேட்டேன். என் காதுக்கு அது நல்ல வாதமாகத்தான் கேட்டது.

அண்ணனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "அதான. ரத்தத்துல வர்றது ரத்தத்துலதான வரும். புக்குல அடிச்சுட்டா மாறிடுமா?" என்றான்.

அவன் குள்ளர்களைப் பற்றித்தான் சொன்னான். ஆனால் குள்ளர்களைப் பற்றி மட்டும் சொன்னான் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. மெடிக்கல் ஷாப்காரர் ஜன்னல் வழியாக மேம்பாலத்தைப் பார்த்தார். அவள் பகடைகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டே, கண்டக்டர் சொன்னால் சரி என்றாள். நான் பேசியதைத்தான் அண்ணன் சுருக்கிச் சொன்னான். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் பேச்சை அவன் வாயில் கேட்டபோது எனக்கு உடம்பு கூசிப்போயிற்று.

திங்கட்கிழமை முதல் வேலையாக அவளிடம் போய், புதிய விதியே இருக்கட்டும், உன் ஆளைப் புதிதாக எழுதிக்கொண்டு வா என்றேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டே நாளில் எழுதிக் கொண்டுவந்துவிட்டாள். அரண்மனை ஏட்டுச்சாலையில் தரை கூட்டப் போன பூதப் பெண், கூட்டிக்கொண்டே எழுத்துப் படித்துக்கொண்டு, பிறகு அங்கேயே ஏடு படியெடுக்கிறவள் ஆனாள் என்று ஒரு முழு வாழ்க்கை வரலாறு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த விதியை நானே எழுதியதுபோல ஸ்டாஃப் ரூமில் நடந்தேன். பழைய பதிப்புக்காரர்களின் புத்தி எவ்வளவு குறுகியது என்று அவளுக்கே ஒரு நாள் விளக்கினேன். பாவம், பொறுமையாகக் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து ட்யூஷன் சென்டர்காரர் ஞாயிற்றுக்கிழமையும் நீட் வகுப்பு வைக்கப்போவதாகச் சொல்லி மாடியைக் காலி செய்யச் சொன்னார். எங்கே விளையாடுவது என்று படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, நம் வீட்டு ஹால் சும்மாதானே கிடக்கிறது, அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றான் அண்ணன். பெருந்தன்மையில் சொல்லவில்லை, யோசிக்காமல் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறாமல் இருந்தால் போதும் அவனுக்கு. அவள் என்னைப் பார்த்தாள். ஆமாம், வாங்களேன் என்றேன். ஒரு நொடி தாமதமாகத்தான் சொன்னேன், அந்த நொடியை அவள் கவனித்துவிட்டாள்.

அந்த வாரம் நான் கதையைத் தயார் செய்திருக்க வேண்டும். டம்ளரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் மல்லாட்டை பிடுங்க, காய் ஆய காலனியிலிருந்து வருகிறவர்களுக்கு முன்பு தோட்டத்துச் சுவரில் தனி டம்ளர் கவிழ்ந்திருக்கும். இப்போது அது இல்லை. நாகரிகம் வந்துவிட்டது, பேப்பர் கப் வந்துவிட்டது. கேட்டால் சுத்தம் என்பாள் அம்மா. நான் அம்மாவிடம் பேசியிருக்க வேண்டும். என் சிநேகிதி வருகிறாள், நாம் குடிக்கிற டம்ளரில் அவளுக்கும் டீ கொடு என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவளுக்கு அது வரவில்லை. அம்மா அழுவாள், ரெண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள், அண்ணன் நடுவில் வருவான், எதற்கு இந்தப் பேஜார் என்று பட்டது. சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கடைக்குப் போய் பேப்பர் கப் ஒரு கட்டு வாங்கினேன். எல்லாருக்கும் பேப்பர் கப் என்றால் வித்தியாசமே தெரியாது அல்லவா? அப்படி ஒரு கணக்குப் போட்டேன். கணக்கு டீச்சர்.

வீட்டுக்கு வந்து, ஆட்கள் வருகிறார்கள், பாத்திரம் கழுவுவது உனக்குக் கஷ்டம், எல்லாருக்கும் இதிலேயே கொடுத்துவிடு என்று கட்டை நீட்டினேன். அம்மா கட்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"எப்படிடா சொல்றதுன்னு நானே நெனச்சிக்கினு இருந்தேன். நீயே புரிஞ்சிக்கினியே, அது போதும்" என்று சொல்லி என் முகவாயைத் தொட்டு முத்தம் வைத்தாள்.

மூக்கு நுனியில் இருக்கிற கோபம் அப்போது எங்கே போயிற்றோ தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனவளுக்கு அம்மாவே சோறு போட்டு மூடிக் கொடுத்தாள். நான் கை கால் கழுவிக்கொண்டு டிவி பார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிறு அமாவாசை. பஸ் ஸ்டாண்ட் முழுக்க மேல்மலையனூர் போகிற கூட்டம், அதில் மாட்டிக்கொண்டு அவள் தாமதமாகத்தான் வந்தாள். கையில் ஆப்பிள் பை. செருப்பை வாசலுக்கு வெளியே, எல்லார் செருப்புக்கும் சற்றுத் தள்ளி விட்டாள். அம்மா வாம்மா என்றாள், சிரித்தும் வைத்தாள். பழத்தை வாங்கி டீப்பாய் மேலேயே வைத்தாள், உள்ளே எடுத்துக்கொண்டு போகவில்லை. மெடிக்கல் ஷாப்காரரிடம் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, அம்மா எந்தப் பக்கம் என்று மூன்று கேள்வி கேட்டு, திருப்தியாகி உள்ளே போனாள். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்பாள்?

விளையாட்டு பிரமாதமாகப் போயிற்று. அவள் இத்தனை நாள் எங்கே ஒளித்துவைத்திருந்தாளோ, அப்படிப் பேசினாள் அந்தப் பூதப் பெண். காவலாளியிடம் சண்டைக்குப் போகாமல் அவன் வைத்திருந்த ஓலையில் இருக்கிற பிழையை எடுத்துக் காட்டி அவனைக் குழப்பினாள். அண்ணனே வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். அடுத்து பாலத்தைக் கடக்க ஒரு பெரிய மந்திரம் சொல்ல வேண்டும். அவள் பகடையைக் கையில் எடுத்துக் குலுக்கியபோது அம்மா டீயோடு வந்தாள்.

தட்டில் நான்கு பேப்பர் கப். என் திட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். பேப்பர் வாசனை அடிக்கிறது, டம்ளரில் ஊற்றிக் கொண்டுவா என்றான். அம்மா உள்ளே போய் அவனுக்கு எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்தாள். கூடவே எனக்கும் ஒன்று கொண்டுவந்து, என் கப்பை எடுத்துக்கொண்டாள். பிறகு மெடிக்கல் ஷாப்காரர் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் டம்ளர்லயே தரட்டா தம்பி? அதுல குடிச்சா டீ குடிச்ச மாரியே இருக்காது" என்றாள். பரவாயில்லைம்மா என்று அவர் சொல்லச் சொல்லவே அவருக்கும் வந்துவிட்டது. எங்கள் மூன்று பேர் கப்பையும் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

மேசை மேல் மூன்று டம்ளர், ஒரு பேப்பர் கப். அவள் கையில் குலுங்கிக்கொண்டிருந்த பகடை நின்றுபோயிருந்தது. மெடிக்கல் ஷாப்காரர் தன் காகிதத்தில் குனிந்து எதையோ அழித்துத் திரும்ப எழுதினார். அண்ணன் டீயை உறிஞ்சினான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, அல்லது தெரிந்து பழகிவிட்டது. அவள் கப்பைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தாள், அவ்வளவுதான்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் கொண்டுவா அம்மா என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். என் டம்ளரை அவள் பக்கம் தள்ளிவிட்டு அந்தக் கப்பை எடுத்து நான் குடித்திருக்கலாம். அடைப்புக்குறி ஒன்றை விட்டதற்காகப் பத்தாம் வகுப்புப் பிள்ளையைப் பத்து நிமிஷம் நிற்கவைத்துத் திட்டுகிற வாய் இது.

"உன் முறைதான்டி. டைஸ் போடு" என்றேன்.

போட்டாள். மந்திரம் பலித்தது. அண்ணன் கை தட்டினான். அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரம் விளையாடினோம், அவள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், டீயை அடிவரை குடித்தாள். கிளம்பும்போது கப்பை நசுக்கித் தன் ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டாள். அங்கேயே வைம்மா, நான் எடுத்துப் போட்டுக்கொள்கிறேன் என்றாள் அம்மா. "இருக்கட்டுங்கம்மா, உங்களுக்கு எதுக்கு செரமம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

ஸ்கூட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். எனக்கு வெட்கத்தில் கழுத்து திரும்பவில்லை, கண்ணாடியில்கூட அவளைப் பார்க்கவில்லை. திண்டிவனம் பஸ் நிற்கிற இடத்தில் இறங்கிக்கொண்டுதான் கேட்டாள்.

"கப்பு நீ வாங்கினியா, அம்மா வாங்கினாங்களா?"

நான்தான் என்றேன். எல்லாருக்கும்தான் வாங்கினேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

"உங்க வூட்ல நாலு டம்ளரா இல்ல?" என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அம்மா அந்தக் காலத்து ஆள், அவளை மாற்ற முடியாது என்று என்னென்னவோ உளறினேன். பஸ்ஸில் டிரைவர் ஏறி உட்கார்ந்தார். ஜனம் முண்டியடித்து ஏற ஆரம்பித்தது. ஜல்தி ஏறு என்று கண்டக்டர் தட்டினார். அவள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழமயும் உங்க வூட்லயே வெச்சிக்கலாமா?"

குத்தலாகக் கேட்கவில்லை. அவளை எனக்குத் தெரியும், குத்திப் பேச அவளுக்கு வராது. வா என்று நான் சொல்வேனா என்றுதான் கேட்டாள். வா, அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"உங்க வீட்லயே வெச்சிக்கலாமே. உனக்கும் அலைச்சல் இல்ல" என்று வந்தது.

அவள் தலையை ஆட்டினாள்.

"உனக்கே தெரியும், எங்க வூடு ஒரே ரூமு. அதுலயும் அப்பா கட்டில்ல படுத்துக்கினு இருக்காரு. பரவால்ல, எல்லாரும் வாங்க. டம்ளர் இருக்குது."

சரி என்றேன். வேறு எதுவும் சொல்ல எனக்கு வரவில்லை. பஸ் நகர்ந்தது.